விற்றுவிட்டு வாங்குவதா, வாங்கிவிட்டு விற்பதா? இங்கிலாந்தில் வீடு மாற நான்கு வழிகள்

சொந்த வீட்டில் இருந்துகொண்டே இன்னொரு வீட்டுக்கு மாற நினைப்பவர்கள் இங்கிலாந்தில் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள்: எதை முதலில் செய்வது? இந்தத் தவிப்புக்கு வேர் சட்டத்தில் இருக்கிறது. 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலம், வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து இருவரும் கையெழுத்திட்டால்தான் செல்லும். ஏஜென்ட் தொலைபேசியில் “உங்கள் ஆஃபரை ஏற்றுக்கொண்டார்கள்” என்று சொல்வதற்குச் சட்ட மதிப்பு ஏதும் இல்லை. சொலிசிட்டர்கள் (இரு தரப்பு வழக்கறிஞர்கள்) ஒப்பந்தப் பிரதிகளை மாற்றிக்கொள்ளும் ‘எக்ஸ்சேஞ்ச்’ வரை யார் வேண்டுமானாலும் விலகலாம். விற்பவர் கூடுதல் விலை தருபவரிடம் போகலாம். வாங்குபவர் கடைசி வாரத்தில் 10,000 பவுண்டு குறைக்கச் சொல்லலாம். இரண்டுமே சட்டவிரோதம் அல்ல.

எல்லையைத் தாண்டிய ஸ்காட்லாந்தில் இப்படி இல்லை. அங்கே விற்பவரே சர்வே (வீட்டின் நிலையை ஆராயும் பரிசோதனை) அடங்கிய அறிக்கையை முன்கூட்டித் தர வேண்டும். சொலிசிட்டர்களுக்கிடையிலான கடிதங்கள் முடிந்ததும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். இங்கிலாந்தில் 2007இல் விற்பவர் தகவல் தொகுப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2010இல் அது நிறுத்தப்பட்டது. அதனால் பேச்சுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே பல வாரங்கள் நீளும் இந்தப் பாதுகாப்பற்ற காலத்தின் ஆபத்தை யாராவது ஒருவர் சுமந்தே ஆக வேண்டும். கீழே வரும் நான்கு வழிகளும் அந்தச் சுமையை வெவ்வேறு தோள்களில் ஏற்றுகின்றன. சுமையை இறக்க எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்த்தால் முடிவெடுப்பது எளிது.

## எதை வைத்து அளப்பது

ஐந்து விஷயங்கள்.

1. கைக்காசு: எந்த நாளில், எவ்வளவு பணம் ரொக்கமாகத் தேவை?
2. யார் கெடுக்க முடியும்: உங்கள் திட்டம் எத்தனை பேரின் முடிவில் தொங்குகிறது?
3. தேதி: பள்ளி, வேலை, பிரசவம் போன்ற தள்ளிப்போட முடியாத நாள் இருக்கிறதா?
4. இப்போதைய வீட்டுக் கடன்: வட்டி குறைவான நிலையான விகிதத்தில் இருக்கிறீர்களா? முன்கூட்டி அடைத்தால் அபராதம் எவ்வளவு?
5. முத்திரைத் தீர்வை: ஒரே நாளில் இரண்டு வீடு உங்கள் பெயரில் இருக்குமா?

ஐந்தாவதைத்தான் பலர் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். இருக்கும் வீட்டின் விலை 400,000 பவுண்டு, மீதிக் கடன் 150,000. வாங்க நினைப்பது 550,000 பவுண்டு வீடு. 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி முதல் 125,000க்குத் தீர்வை இல்லை. 250,000 வரை 2%. அதற்கு மேல் 925,000 வரை 5%. ஆக 2,500 + 15,000 = 17,500 பவுண்டு. பழைய வீடு விற்காமல் புது வீட்டை வாங்கினால் முழு விலைக்கும் 5% கூடுதல் தீர்வை சேரும். அது 27,500. மொத்தம் 45,000 பவுண்டை, கம்ப்ளீஷன் (மீதிப் பணம் கொடுத்துச் சாவி வாங்குவது) முடிந்து 14 நாளுக்குள் கட்ட வேண்டும்.

## வழி ஒன்று: சங்கிலியில் ஒரே நாளில் விற்று வாங்குவது

பெரும்பாலோர் போகும் வழி இது. உங்கள் வீட்டை வாங்குபவருக்கு விற்க ஒரு வீடு இருக்கலாம். நீங்கள் வாங்கும் வீட்டுக்காரர் இன்னொரு வீட்டை வாங்கிக்கொண்டிருக்கலாம். எல்லாரும் ஒரே நாளில் எக்ஸ்சேஞ்ச் செய்து, ஒரே நாளில் கம்ப்ளீஷன் செய்வார்கள்.

கைக்காசு இதில்தான் மிகக் குறைவு. எக்ஸ்சேஞ்சில் 10% முன்பணம் தர வேண்டும். வழக்கமான ஒப்பந்த விதிகளின்படி, உங்களுக்கு வரும் முன்பணத்தை நீங்கள் வாங்கும் வீட்டின் முன்பணத்துக்குப் பயன்படுத்தலாம். நம் கணக்கில் வருவது 40,000. தர வேண்டியது 55,000. நடுவே 15,000 பவுண்டு துண்டு விழுகிறது. சங்கிலியில் மேலே விற்பவர், அதாவது உங்களுக்கு வீடு விற்பவர், 40,000 போதும் என்று ஒத்துக்கொள்வது நடக்கிற காரியம்தான். அதைக் கடைசி நாளில் கேட்காமல் ஆரம்பத்திலேயே சொலிசிட்டர் வழியே எழுதிக் கேளுங்கள். கூடுதல் தீர்வையும் இல்லை.

கடன்: நல்ல வட்டி விகிதத்தைப் புது வீட்டுக்கு எடுத்துப்போக இதுவே சிறந்த வழி. ஆனால் ‘எடுத்துப்போவது’ என்பது தானாக நடக்காது. வங்கி உங்கள் வருமானத்தை மறுபடி முதலிலிருந்து அலசும். கூடுதலாக வேண்டிய 150,000க்கு இன்றைய வட்டிதான். இரண்டு பகுதிக்கும் முடிவுத் தேதி வேறு வேறாக அமைந்தால், அடுத்த முறை வங்கி மாறும்போது ஏதாவது ஒரு பகுதிக்கு அபராதம் வரும். புதுப் பகுதியின் காலத்தைப் பழையதோடு ஒட்டி முடியும்படி எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

கெடுப்பவர்கள்: இதுதான் இந்த வழியின் வலி. ஐந்து வீட்டுச் சங்கிலியில் நீங்கள் பார்க்கவே போகாத ஒருவரின் சர்வேயில் ஈரம் தெரிந்தால் உங்கள் வீடும் நிற்கும். தாமதம் பெரும்பாலும் நான்கைந்து இடங்களில்தான் வருகிறது. லீஸ்ஹோல்டு (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை உள்ள) ஃபிளாட் ஒன்று சங்கிலியில் இருந்தால் அதன் நிர்வாக நிறுவனம் தர வேண்டிய தகவல் தொகுப்பு. உயரமான கட்டடம் என்றால் 2017இன் கிரென்ஃபெல் தீ விபத்துக்குப் பிறகு வந்த வெளிச்சுவர்ச் சான்று. இறந்தவரின் சொத்து என்றால் புரோபேட் (சொத்தை விற்க நீதிமன்றம் தரும் அனுமதி). கவுன்சில் சேர்ச் (வீட்டைப் பற்றிக் கவுன்சில் பதிவுகளில் செய்யும் தேடல்). கடைசியாக, சங்கிலியின் அடியில் இருக்கும் முதல் வீடு வாங்குபவரின் கடன் ஒப்புதல். இவை இழுத்துக்கொண்டே போனால் வேறொன்று காலாவதியாகும்: கடன் ஒப்புதல் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம்தான் செல்லும்; ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சேர்ச்சைப் பெரும்பாலான வங்கிகள் ஏற்காது.

சங்கிலி உடைந்தால் சர்வே, சேர்ச், சட்டச் செலவு சேர்ந்து எளிதில் 2,000 பவுண்டைத் தாண்டும். “விற்காவிட்டால் கட்டணம் இல்லை” என்னும் சொலிசிட்டர்களும் சேர்ச்சுக்கு வெளியே கட்டிய பணத்தை வாங்கிக்கொள்வார்கள். வீடு வாங்குவோர் காப்பீடு என்று சிறு தொகைக்கு ஒன்று கிடைக்கிறது; ஆஃபர் ஏற்கப்பட்ட உடனே எடுத்தால் பயன் உண்டு, சிக்கல் தெரிந்தபின் எடுத்தால் இல்லை.

எக்ஸ்சேஞ்ச் முடிந்தபின் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது. கீழே உள்ளவர், அதாவது உங்கள் வீட்டை வாங்குபவர், பணம் தராமல் போனால், மேலே உள்ளவருக்கு நீங்கள் கட்டுப்பட்டவர். பத்து வேலை நாள் நோட்டீஸ் முடிந்தும் பணம் வராவிட்டால் அவருடைய முன்பணத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். அதே விதி உங்கள் மேலும் பாயும். அரிதாக நடப்பதுதான். ஆனாலும் எக்ஸ்சேஞ்சையும் கம்ப்ளீஷனையும் ஒரே நாளில் வைக்கச் சொல்லும் ஏஜென்டிடம் தலையாட்ட வேண்டாம். அப்படி வைத்தால் சாமான் லாரி வாசலில் நிற்கும் காலை வரை யாரும் யாருக்கும் கட்டுப்படாத நிலைதான். ஒரு வாரம் இடைவெளி வையுங்கள், முடிந்தால் இரண்டு.

யாருக்குப் பொருந்தும்: சேமிப்பு குறைவு, நல்ல வட்டி விகிதம் கையில் இருக்கிறது, தேதி முன்னே பின்னே ஆனால் பரவாயில்லை என்பவர்களுக்கு. சங்கிலி மூன்று வீட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஐந்தைத் தாண்டினால் இரண்டாவது வழியை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

## வழி இரண்டு: விற்றுவிட்டு, வாடகைக்கு இருந்து, பிறகு வாங்குவது

விற்ற பணத்தோடு நிற்பவருக்குச் சங்கிலி இல்லை. விற்பவர்கள் விரும்புவது அப்படிப்பட்டவரைத்தான். இரண்டு பேர் ஒரே விலை சொன்னால் ஏஜென்ட் உங்களைத்தான் பரிந்துரைப்பார். சில நேரம் விலையும் குறையும்.

முன்பெல்லாம் இந்த வழியின் பெரிய தடை ஆறு மாத, ஒரு வருட வாடகை ஒப்பந்தம். மூன்றாம் மாதமே வீடு கிடைத்தாலும் மீதி மாதங்களுக்கு வாடகை கட்ட வேண்டியிருந்தது. வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி 2026 மே 1 முதல் நிலையான கால ஒப்பந்தம் இல்லை. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். வீடு மாறுவோருக்கு இது பெரிய மாற்றம். எக்ஸ்சேஞ்ச் முடிந்ததும் நோட்டீஸ் கொடுத்தால் போதும். அதற்கு முன் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

செலவுக் கணக்கு இப்படி வரும். மாத வாடகை 1,800 என்றால் ஆறு மாதத்துக்கு 10,800. வைப்புத்தொகைக்கு ஐந்து வார வாடகை என்று சட்ட உச்சவரம்பு உண்டு. ஏறக்குறைய 2,076 பவுண்டு, இது திரும்ப வரும். சாமான்களைப் பொதுக் கிடங்கில் வைக்கும் வாடகையும், சாமான் ஏற்றி இறக்கும் செலவு இரண்டு முறையும் தனி. பழைய கடனை அடைக்கும்போது 3% அபராதம் என்றால் 4,500. பழைய விகிதமும் கையைவிட்டுப் போகும். சில வங்கிகள் குறிப்பிட்ட மாதங்களுக்குள் அவர்களிடமே புதுக் கடன் எடுத்தால் அபராதத்தைத் திருப்பித் தரும். அந்தக் கெடு எத்தனை நாள் என்று விற்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

மறுபக்கம், கடன் போக மிஞ்சும் 250,000க்கு 4% வட்டி கிடைத்தால் ஆறு மாதத்தில் 5,000 பவுண்டு, வரிக்கு உட்பட்டு. இவ்வளவு பணத்தை ஒரே வங்கியில் வைப்பதா என்று பயப்படுபவர்களுக்கு: 2025 டிசம்பர் முதல் சாதாரண வைப்புப் பாதுகாப்பு ஒருவருக்கு ஒரு வங்கியில் 120,000 பவுண்டு. சொந்த வீடு விற்ற பணத்துக்கு ஆறு மாதம் வரை 14 லட்சம் பவுண்டு. ஆறு மாதம் தாண்டினால் பிரித்து வையுங்கள்.

தீர்வை விஷயத்தில் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூடுதல் 5% தீர்வைக்கு உலகில் எங்கிருக்கும் வீடும் கணக்கில் வரும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உங்கள் பெயரிலோ துணைவர் பெயரிலோ 40,000 பவுண்டும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு இருந்தால் நீங்கள் ‘இரண்டு வீட்டுக்காரர்’. ஆனால் குடியிருந்த வீட்டை விற்று, மூன்று ஆண்டுக்குள் குடியிருக்க இன்னொன்றை வாங்கினால் அது மாற்றுவீடு. அப்போது கூடுதல் தீர்வை கிடையாது, ஊரில் வீடு இருந்தாலும் சரி. வாடகையில் இருந்துகொண்டு மூன்று ஆண்டைத் தாண்டவிட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

பள்ளி விண்ணப்பமும் இந்த வழிக்குச் சாதகம். உயர்நிலைப் பள்ளிக்கு அக்டோபர் 31, தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15 கடைசி நாள். பழைய வீட்டை வைத்துக்கொண்டு பள்ளிக்கு அருகில் வாடகை முகவரி காட்டுபவர்களைப் பல கவுன்சில்கள் ஏற்பதில்லை. விற்றுவிட்டு வந்தவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இதன் உண்மையான ஆபத்து சந்தை விலை. நீங்கள் வாடகையில் இருக்கும்போது விலை 4% ஏறினால் 550,000 வீட்டுக்கு 22,000 பவுண்டு கூடுதல். இறங்கினால் அதே அளவு லாபம். ஆறு மாதத்தில் எது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், வாங்கப்போகும் ஊரில் உங்களுக்கு ஏற்ற வீடுகள் அடிக்கடி விற்பனைக்கு வருகின்றனவா என்று பார்ப்பதே உருப்படியான சோதனை. குறிப்பிட்ட தெருவில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு இது ஆகாது.

## வழி மூன்று: வாங்கிவிட்டு விற்பது, பிரிட்ஜிங் கடனோடு

விளம்பரத்தில் எளிமையாகத் தெரிவது இது. கணக்குப் போட்டால் பலருக்கு ஒத்துவராது. நம் குடும்பத்துக்கே போட்டுப் பார்ப்போம்.

பிரிட்ஜிங் என்பது பழைய வீடு விற்கும் வரை தரப்படும் குறுகிய காலக் கடன். அதைத் தரும் நிறுவனம் இரண்டு வீட்டையும் ஈடாக எடுக்கும்: 400,000 + 550,000 = 950,000. பொதுவாக மொத்த மதிப்பில் 70 முதல் 75% வரைதான் கடன் தருவார்கள். 75% என்றால் 712,500. தேவைப்படுவது புது வீட்டு விலை 550,000, பழைய கடன் 150,000, ஆக 700,000. சரியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 45,000 பவுண்டு தீர்வை இன்னும் சேரவில்லை. மாதம் 0.8% வட்டி என்றால் 550,000க்கு மாதம் 4,400. ஆறு மாதத்துக்கு 26,400. பல நிறுவனங்கள் அதை முதலிலேயே கழித்துக்கொண்டுதான் பணம் தரும். ஏற்பாட்டுக் கட்டணம் 2% என்றால் 11,000. மதிப்பீட்டுக் கட்டணமும், அவர்களுடைய சொலிசிட்டர் செலவும் உங்கள் தலையில். கையில் 70,000 பவுண்டு ரொக்கம் இல்லாமல் இந்தக் குடும்பம் இந்த வழியில் போக முடியாது.

தீர்வையின் கூடுதல் பகுதி திரும்பக் கிடைக்கும். பழைய வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்று, விற்ற நாளிலிருந்து அல்லது தீர்வைப் படிவத்தின் கெடு நாளிலிருந்து 12 மாதத்துக்குள், எது பிந்தியதோ அதற்குள், விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு வரித்துறையின் இணையப் படிவமே போதும். பாதிப் பணம் எடுத்துக்கொள்ளும் ‘ரீஃபண்ட்’ நிறுவனங்களிடம் போக வேண்டியதில்லை.

பெரிய ஆபத்து காலக்கெடு. குடியிருக்கும் வீட்டின் மேல் தரப்படும் பிரிட்ஜிங் கடனுக்குப் பொதுவாக 12 மாதமே உச்சம். அதற்குள் பழைய வீடு விற்காவிட்டால் விலையைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. வருபவர்களுக்கு வீடு காலியாகக் கிடப்பது தெரியும், அவசரமும் தெரியும். காலி வீட்டுக்குக் காப்பீடும் தனி: சாதாரணப் பாலிசிகள் 30 அல்லது 60 நாளுக்கு மேல் ஆளில்லா வீட்டுக்கு நீர்க்கசிவு, திருட்டுப் பாதுகாப்பை நிறுத்திவிடும்.

யாருக்குப் பொருந்தும்: பழைய வீட்டில் கடனே இல்லாதவர், அல்லது பழைய வீட்டுக்கு எக்ஸ்சேஞ்ச் முடிந்து கம்ப்ளீஷன் மட்டும் சில வாரம் தள்ளி இருப்பவர். தேதி உறுதியான கடனுக்கு வட்டியும் குறைவு, ஆபத்தும் குறைவு. முதியவர்கள் பெரிய வீட்டிலிருந்து சிறியதற்கு மாறும்போதும் ஒத்துவரும். வாங்குவது மலிவாக இருப்பதால் விகிதம் இடிக்காது. பழைய வீடு இன்னும் விளம்பரத்துக்கே போகவில்லை என்ற நிலையில் இந்தக் கடனை எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான ஆலோசனை.

## வழி நான்கு: கட்டுநரிடம் பழைய வீட்டைக் கொடுத்துப் புது வீடு வாங்குவது

‘பார்ட் எக்ஸ்சேஞ்ச்’ என்ற இந்த ஏற்பாட்டில் கட்டுமான நிறுவனமே உங்கள் வீட்டை வாங்கிக்கொள்ளும். சங்கிலி இல்லை, ஏஜென்ட் கட்டணம் இல்லை, வீடு பார்க்க வரும் கூட்டமும் இல்லை.

முதல் தடை விகிதம். பழைய வீடு புது வீட்டு விலையில் 70% அளவைத் தாண்டக் கூடாது என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. 550,000இல் 70% என்பது 385,000. நம் குடும்பத்தின் 400,000 வீடு அங்கே தகுதி பெறாது.

தகுதி பெற்றாலும் விலையைப் பாருங்கள். 375,000 தருகிறார்கள் என்று வையுங்கள். சந்தை விலையைவிட 25,000 குறைவு. ஏஜென்டுக்கு 1.5%, அதன்மேல் வாட் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டிய 7,200 மிச்சம். நிகர இழப்பு 17,800 பவுண்டு. நிம்மதிக்கு அந்த விலை கொடுக்கலாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் பழைய வீட்டுக்கு மட்டும் பேரம் பேசி ஏமாற வேண்டாம்: அதே தெருவில் கொஞ்சம் பழைய வீடு என்ன விலை போகிறது என்று நிலப் பதிவகத்தின் விற்பனை விலைப் பட்டியலில் பார்த்து, புது வீட்டு விலையையும் பேசுங்கள். தீர்வை புது வீட்டின் முழு விலைக்கும் உண்டு.

சாலை, பூங்காப் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய எஸ்டேட் கட்டணத்தையும் கேளுங்கள். சொந்த நிலத்தோடு கூடிய வீட்டுக்கும் அது உண்டு, உயர்வுக்கு வரம்பு இருக்கிறதா என்பதே முக்கியம்.

## ஒரே பார்வையில்

| | சங்கிலி | விற்று வாடகை | பிரிட்ஜிங் | பார்ட் எக்ஸ்சேஞ்ச் |
|---|---|---|---|---|
| உடனே வேண்டிய ரொக்கம் | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | குறைவு |
| கெடுக்கக்கூடியவர் | சங்கிலியில் எவரும் | மேலே விற்பவர் பக்கம் மட்டும் | பழைய வீட்டை வாங்குபவர் | கட்டுநரின் தாமதம் |
| பழைய வட்டி விகிதம் | எடுத்துப்போகலாம் | பெரும்பாலும் போய்விடும் | கடினம் | எடுத்துப்போகலாம் |
| கூடுதல் 5% தீர்வை | இல்லை | மூன்று ஆண்டுக்குள் இல்லை | கட்டித் திரும்பப் பெற வேண்டும் | இல்லை |
| வீடு மாறும் தடவை | ஒன்று | இரண்டு | ஒன்று | ஒன்று |
| மறைந்த செலவு | உடைந்தால் சட்டச் செலவு | வாடகை, அபராதம், கிடங்கு | வட்டி, கட்டணம், காலி வீடு | குறைந்த விலை, எஸ்டேட் கட்டணம் |

## எந்த வழியானாலும் விளம்பரத்துக்கு முன்பே

வீட்டை விளம்பரப்படுத்தும் முன்பே சொலிசிட்டரை நியமித்து, சொத்துத் தகவல் படிவத்தையும் வீட்டோடு விட்டுப்போகும் பொருட்களின் படிவத்தையும் நிரப்பி வையுங்கள். ஆஃபர் வந்தபின் தொடங்கினால் பல வாரங்கள் வீணாகும். எரிசக்திச் சான்றிதழ் பத்தாண்டுக்குள் எடுத்ததா என்று பாருங்கள். 2002 ஏப்ரலுக்குப் பிறகு மாற்றிய ஜன்னல்களுக்கு ஃபென்சா (ஜன்னல் பொருத்துவோர் பதிவு அமைப்பு) சான்று அல்லது கவுன்சிலின் சான்று, மாடிக்கூரை அறைக்கும் இடித்த சுவருக்கும் கட்டட விதிமுறை நிறைவுச் சான்று, பாய்லருக்குக் கேஸ் சேஃப் பதிவு ஆகியவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். லீஸ்ஹோல்டு என்றால் எத்தனை ஆண்டு மீதி என்று பாருங்கள். 80ஐ நெருங்கினால் நீட்டிப்பைப் பற்றி இப்போதே பேசுங்கள்.

தேதி பற்றியும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆடியில் குடிபோக மாட்டோம் என்பவர்கள், பள்ளி விடுமுறையில் எல்லாரும் கம்ப்ளீஷன் கேட்கும் காலமும் அதுதான் என்பதை மறக்கக் கூடாது. எக்ஸ்சேஞ்சுக்குப் பின் மற்றவர் சம்மதமில்லாமல் தேதியை மாற்றினால் ஒப்பந்த மீறல். சாவியை ஆடிக்கு முன்பே வாங்கிப் பால் காய்ச்சிவிட்டு, சாமான்களை எப்போது வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஆனால் அப்படிச் செய்ய உங்கள் பழைய வீட்டின் கம்ப்ளீஷன் தள்ளி இருக்க வேண்டும்; சங்கிலியில் அதற்கு இடமில்லை.

ஏதாவது சான்று இல்லையென்று தெரிந்தால் பதறி கவுன்சிலுக்குத் தொலைபேசி செய்யாதீர்கள். சான்று இல்லாத வேலைகளுக்கு இழப்பீட்டுக் காப்பீடு ஒருமுறைக் கட்டணத்தில் கிடைக்கும். அதை வாங்கும் முன் கவுன்சிலைத் தொடர்புகொண்டிருந்தால் காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் மறுத்துவிடும். முதலில் சொலிசிட்டரிடம் கேளுங்கள்.